பறித்தவளுக்கு முதல் வாய்

வெளிநாட்டுப் பயணம் எழுதுகிறவர்கள் எல்லாரும் கப்பலில் ஏறுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் ஏறியது ஒரு ஓட்டை ஜீப்பில். கடலும் தாண்டவில்லை, கண்டமும் தாண்டவில்லை. மைசூர் ராஜ்ஜியத்து எல்லையைத் தாண்டி மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குள் போனேன், அவ்வளவுதான். ஆனாலும் இதை வெளிநாட்டுப் பயணம் என்றுதான் சொல்வேன். கூடவே ஒரு ரஷ்யக் குடும்பம் வந்தது என்பதற்காக மட்டுமில்லை. நான் பிறந்த பக்கத்துக்கே போய், அங்கே சில நாள் வேற்று நாட்டுக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். ரஷ்யாவிலிருந்து இயந்திரங்கள் வந்திறங்கின. அவற்றைப் பூட்டிக் கொடுக்க நிகலாய் என்ற இஞ்சினீயர் மனைவி வேராவோடும் மகள் காத்யாவோடும் வந்திருந்தார். வேராவுக்கு அரண்மனையும் பிடிக்கவில்லை, பட்டுக்கடையும் பிடிக்கவில்லை. மழை பிடித்தால் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கை நீட்டி மோந்து பார்ப்பாள். "கிரிபி" என்பாள். காளானுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயராம்.

நிகலாய் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் எனக்கு விளக்கினார். அவர்கள் ஊரில் மழை விட்டதும் குடும்பம் குடும்பமாகக் கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டு விடிகாலை ரயிலேறிக் காட்டுக்குப் போய்விடுவார்களாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காட்டில் ஒரு இடம் உண்டு. அந்த இடத்தைச் சம்பந்திக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். வேரா நடக்கப் பழகியதே காளான் தேடித்தானாம். இங்கே வந்ததிலிருந்து ஒரு காளானைக்கூடத் தொடவில்லை, அதனால்தான் இந்த முகம் என்றார். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் மேனேஜருக்கு ஜவளகிரியில் ஒரு பண்ணைக்காரர் சிநேகம். காட்டை ஒட்டினாற்போலப் பெரிய வீடு. அங்கே தங்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நாலும் பேசுகிறவள் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். விருந்தாளிகளுக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் என் சீட்டு கிழிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரிப்பை நம்பி யாரும் வீட்டு வாடகை பேசியதில்லை.

எனக்கு எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜவளகிரி ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள் நான். அப்பா ஒரு பண்ணையில் ஆள்காரராக இருந்தே செத்துப்போனார். சின்ன வயதிலேயே என்னைக் கிருஷ்ணகிரி போர்டிங்கில் சேர்த்துவிட்டார்கள். படித்தேன், டைப் அடிக்கக் கற்றேன், பெங்களூர் போனேன். கேட்காதவர்களிடமெல்லாம் போய் என் ஜாதியைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கென்ன வேண்டுதலா?

எல்லைச் சாவடியிலேயே முதல் வம்பு வந்தது. பெங்களூரில் கடையில் வாங்கிக் குடிக்கலாம். சாவடிக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு. போலீஸ்காரர் கூடையைக் கிளறி, துணியில் சுற்றிய பாட்டிலை எடுத்தார். முகர்ந்தார். இன்னொரு தடவை நிதானமாக முகர்ந்தார். கால்வலிக்குத் தடவுகிற மருந்து என்று நிகலாய் சொல்லச் சொன்னார், சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாட்டில் முழுவதும் ரோட்டோரத்தில் கவிழ்ந்தது. நிகலாய் இழவு வீட்டில் நிற்கிறவர் மாதிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உங்கள் அரசாங்கம் காளானையும் தடை செய்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

ஓசூரில் இட்லியை மூவரும் மரியாதைக்குத் தின்றார்கள். பக்கத்து மேசையில் வண்டிக்காரர் ஒருவர் களி தின்றுகொண்டிருந்ததை வேரா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்று வரவழைத்தேன். கேழ்வரகுக் களியை விரலால் கிள்ளி மோந்து பார்த்தவள் படபடவென்று ஏதோ பேசினாள். அவர்கள் வீட்டுக் கறுப்பு ரொட்டி வாசனை அடிக்கிறதாம். மெல்லாமல் கீரைச் சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். காத்யா விழுங்கிவிட்டாள். நிகலாயின் தொண்டையில் சிக்கி, ஹோட்டல்காரர் முதுகில் தட்டவேண்டி வந்தது.

அன்று மத்தியானமே சானமாவுக் காட்டைப் பார்க்கப் போனோம். உள்ளே போனதும் மூவரும் மூன்று பக்கம் பிரிந்துவிட்டார்கள். ஒருவர் பார்த்த இடத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாதாம். காட்டில் தொலைந்து போகாமலிருக்க அடிக்கடி "ஆ... ஊ!" என்று கூவிக்கொள்வது அவர்கள் வழக்கம். இங்கிருந்து வேரா ஆ... ஊ, அங்கிருந்து காத்யா ஆ... ஊ, மேட்டிலிருந்து நிகலாய் பெருங்குரலில் ஆ... ஊ. சானமாவில் அப்படிக் கூவினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் தகர டின்னும் தப்பட்டையும் கழியுமாக ஒரு கும்பல் ஓடி வந்துவிட்டது.

"ஆனை எறங்கிடுச்சா? எத்தினி உருப்படி?" என்று முன்னால் வந்த ஆள் மூச்சு வாங்கக் கேட்டார்.

யானை இல்லை, ரஷ்யர்கள் என்றேன். அவர் நிகலாயை மேலும் கீழும் பார்த்தார். காளான் பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்தார்கள், அவர்கள் ஊரில் பஞ்சமா என்று கேட்டார். நிகலாயிடம் இதைச் சொன்னேன். சண்டைக் காலத்தில் பஞ்சம் இருந்தது உண்மை, அப்போது காளான்தான் காப்பாற்றியது, ஆனால் அதற்கு முன்னாலும் பொறுக்கினோம், இப்போதும் பொறுக்குகிறோம் என்றார். சானமாவில் அன்றைக்கு யானைச் சாணிதான் கிடைத்தது.

ராத்திரி ஓசூரில் தங்கிவிட்டு மறுநாள் புறப்பட்டோம், தளி ரோட்டில் ஜீப் சேற்றில் மாட்டியது. டிரைவர் சிக்கண்ணா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாதேசுவரன் சாமியைக் கூப்பிட, நாங்கள் நாலு பேரும் இறங்கித் தள்ளினோம். சேறும் சகதியுமாகத்தான் பண்ணைக்காரர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அவர் சிரித்த முகத்தோடு வந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, களத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுகிற குடும்பம். வாங்கம்மா வாங்கம்மா என்று என்னையும் உபசரித்து, எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர் என்றேன். கைக்கடிகாரமும் இங்கிலீஷும் மீதியைச் சொல்லிவிட்டன போலிருக்கிறது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில் மேசை போட்டு, வெண்கலத் தட்டுகளில் சோறு பரிமாறினார்கள். எனக்கும் ஒரு தட்டு. அந்தக் கூடத்தின் வாசற்படியைக்கூட என் அப்பா மிதித்திருக்க முடியாது. நான் உள்ளே உட்கார்ந்து மொச்சைக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். தீண்டாமை குற்றம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஜவளகிரிக்கு அந்தப் பேப்பர் வந்து சேரவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டு வெயில் லேசாக அடித்தது. காட்டோரம் மாடு மேய்கிற புல்வெளியில் காத்யாதான் முதலில் கத்தினாள். குடை குடையாக, வெள்ளையாக, மேலே பழுப்புச் செதிலோடு, காம்பில் வளையம் போட்டுக்கொண்டு வட்டமாக முளைத்து நின்றன. வேரா அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். அவர்கள் ஊர்க் காட்டில் இதே காளானுக்குக் குடை என்றுதான் பெயராம். அவள் அப்பா பறித்தது, அவள் பறித்தது, இப்போது அவள் மகள் பறிப்பது.

நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அது பேய்க்காளான். எங்கள் தெருவில் குழந்தைகூட அதைக் காலால் தள்ளிவிட்டுப் போகும்.

நிகலாயிடம் சொன்னேன். அவர் வேராவிடம் சொன்னார். வேரா சிரித்தாள். இந்த வேலையை யாரும் தனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்றாளாம். கொஞ்ச தூரத்தில் ஒரு கறையான் புற்றைச் சுற்றி நல்ல காளான் மொட்டு மொட்டாக வெடித்து நின்றது. புற்றுக்காளான். வேர் நீளமாக இறங்கியிருக்கும், உடையாமல் பிடுங்கவேண்டும். முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவள் ஒன்றை எடுத்து அடியில் பார்த்ததும் கீழே போட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவர்கள் காட்டில் ஆளைக் கொல்கிற காளான் இப்படித்தான் வெளுத்திருக்குமாம். அவள் கூடையை நான் தொடவில்லை, என் முந்தானையை அவள் தொடவில்லை. அப்படியே வீடு வந்து சேர்ந்தோம்.

பண்ணைக்காரர் வீட்டில் காளான் சமையலறைக்குள் நுழையாது. விருந்தாளிகள் ஆசைப்படுகிறார்கள் என்று பின்கட்டில் அடுப்பு மூட்டி, ஒரு மண்சட்டியும் வெண்ணெயும் கொடுத்தார்கள். வேரா தானே உட்கார்ந்து வெங்காயத்தோடு வதக்கினாள். வாசனை தெருவரை போனது. நான் விடவில்லை. பண்ணைக்காரரிடம் போய், இது விஷம், தடுங்கள் என்றேன். அவர் மூக்கைச் சுளித்தார். அவங்க நாட்டுல எல்லாத்துக்கும் சயின்ஸ் இருக்கும்மா, நமக்கென்ன தெரியும், விருந்தாளி மனசு நோகப் பேசாதே என்றார். நிகலாயிடம் மறுபடி போனேன். அவர் முகத்திலும் கலக்கம் இருந்தது. ஆனால் காளான் விஷயத்தில் வேரா சொன்னதுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம்.

மேசையில் தட்டுகள் வந்தன. காத்யா கரண்டியை எடுத்ததும் வேரா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நிகலாய் எனக்கு விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டாம். பறித்தவர்தான் எல்லார் கண் முன்னாலும் முதல் வாய் சாப்பிட வேண்டும். விஷமா என்று பார்ப்பதற்கு இல்லை. விஷம் உடனே தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். என் வாயில் நான் வைக்கத் துணியாததை உங்கள் கூடையில் போட மாட்டேன் என்று பறிக்கிறவர் கொடுக்கிற வாக்காம் அது.

சொல்லி முடிப்பதற்குள் வேரா ஒரு துண்டை அள்ளி எடுத்துவிட்டாள். அடுத்த வாய் அந்தப் பெண்குழந்தைக்கு.

நான் எட்டி வேராவின் கரண்டியைத் தட்டிவிட்டு, அவள் தட்டின் மேல் என் கையை விரித்து வைத்துக்கொண்டேன். சூடு கொப்புளித்துவிடும் போலிருந்தது. எடுக்கவில்லை.

"என்னாம்மா பண்ற? விருந்தாளி தட்டுல கை வெக்கிற?" பண்ணைக்காரர் எழுந்துவிட்டார். "பெங்களூர்ல டைப் அடிக்கிறவளுக்குக் காளானப் பத்தி என்னா தெரியும்?"

சொல்லாமலிருக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போகட்டும் என்று நினைத்தேன்.

"தெரியும் சார். காளானுங்கள நான் சின்னதுல இருந்து பறிச்சுத் தின்னு வளந்தவ. ஏரிக்கு அந்தாண்ட சேரியில ஆள்காரன் மாரப்பன் மவ நான். கஞ்சி இல்லாத வருசம் பசி பொறுக்காம இதே பேய்க்காளான ஆக்கித் தின்னு எங்க தெருவே வாந்தியும் பேதியுமா கெடந்துது. என் தங்கச்சி பொழைக்கல."

என் அப்பாவாக இருந்தால் சாமி என்றிருப்பார். நான் சார் என்றேன்.

இதையே நிகலாயிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் மெதுவாக மனைவியிடம் சொன்னார். வேரா என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தங்கைக்கு என்ன வயது என்று கேட்கிறாள் என்றார் நிகலாய்.

நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள் என்றேன்.

வேரா மகள் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள். நான் பின்கட்டுக்கு ஓடி, கூடையில் மிஞ்சியிருந்ததில் நன்றாக முற்றியதாக ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினேன். அடியிலிருந்த மடிப்பெல்லாம் பாசி பிடித்தாற்போலப் பச்சை ஓடியிருந்தது. அவர்கள் ஊர்க் குடையில் அந்தப் பச்சை கிடையவே கிடையாது. வேரா விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். சட்டி, தட்டு, கூடை எல்லாவற்றையும் அவளே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே இருந்ததை எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். தட்டுகளையும் கையையும் மூன்று தரம் சாம்பல் போட்டுக் கழுவினாள். காத்யா அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை.

திரும்பி வந்த வேரா என் முந்தானையைக் காட்டி, அதைச் சமைக்கச் சொன்னாள். அந்தப் பொம்பளையின் தைரியத்தை என்னவென்று சொல்ல! தன் காளானைக் கொட்டிய கையோடு என் காளானைக் கேட்கிறாள். புதுச் சட்டி கேட்டால் யாரும் கொண்டுவரவில்லை. சிக்கண்ணா ஜீப்பிலிருந்து தன் அலுமினியச் சட்டியை எடுத்து வந்து கொடுத்தார். வெங்காயமும் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வதக்கினேன். உள்ளே பண்ணைக்காரர் மனைவியிடம் தெலுங்கில் பேசுவது கேட்டது. நேற்று கூடத்திலேயே உட்காரவைத்துச் சோறு போட்டோமே, இனி என்ன கழுவி என்ன ஆகப்போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டார்.

சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் வாசற்படியில் குறுக்கே நின்றார். அவர் பேச்சிலிருந்து அம்மா என்கிற வார்த்தை காணாமல் போயிருந்தது.

"நீ பொறவாசல்ல போயி ஒக்காரு புள்ள. அவங்களுக்கு நாங்க வெக்கிறோம்."

"காளான் என்னுது, முறை அவங்களுது சார். பறிச்சவ மொதல்ல அவங்க கண்ணு முன்னாடி திங்கணும். பொறவாசல்ல நான் தின்னா அவங்க எப்பிடிப் பாப்பாங்க?" என்றேன். "வேணும்னா எங்க மேனேஜருக்குத் தந்தி குடுங்க. தின்னுட்டு வந்து விலாசம் எழுதிக் குடுக்கறேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று நிகலாய் மேசையிலிருந்து கேட்டார். உப்பு போதுமா என்று கேட்கிறார் என்றேன். ரஷ்யாக்காரரைச் சிபாரிசுக்குக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார எனக்கு இஷ்டமில்லை. பண்ணைக்காரருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். அவர் முகம் சிவந்தது. ஆனால் விருந்தாளிகள் முன்னால் என்னைப் பிடித்துத் தள்ளவும் முடியவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், முந்தைய நாள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வெண்கலத் தட்டில் காளானைப் போட்டுக்கொண்டேன். மூன்று ரஷ்யர்களும் என் வாயைப் பார்த்தார்கள். நிலைக்கதவு ஓரத்தில் பண்ணைக்காரர் மனைவி நின்று பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்தது. ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே, கண் தப்பியிருந்தால்? வேரா மாதிரி நானும் ஆசையில் ஏமாந்திருந்தால்? எனக்குப் பின்னால் அந்தக் குழந்தையும் தின்னப் போகிறது. ஒரு துண்டை எடுத்து விரலால் பிய்த்துப் பார்த்தேன். நார் நாராக, வெள்ளையாக வந்தது. அம்மா பிய்த்துக் கொடுக்கிற மாதிரியே இருந்தது. வாயில் போட்டு மென்றேன். மிளகும் மண்வாசனையுமாக இறங்கியது. யாரும் கேட்காமலே இரண்டாவது வாயும் எடுத்தேன்.

அதற்கு மேல் வேரா காத்திருக்கவில்லை. தின்றாள், மகளுக்கும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சட்டியின் அடியை நிகலாய் ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்கு வீட்டுக்குள் பாய் கிடைக்கவில்லை, ஜீப்பில் படுத்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விடிந்ததும் புறப்பட்டோம். பின்கட்டில் முகம் கழுவப் போனபோது பார்த்தேன். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தின்கிறவர்களின் மூன்று தட்டுகளும் பளபளவென்று துலக்கி உள்ளே போயிருந்தன. என் தட்டு மட்டும் எருக்குழி ஓரத்தில் கிடந்தது. எச்சில் காய்ந்து, எறும்பு மொய்த்திருந்தது.

தட்டை எடுத்தேன். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் சாம்பல் போட்டு நிதானமாகத் தேய்த்துக் கழுவினேன். பண்ணைக்காரர் வாசலில் விருந்தாளிகளை வழியனுப்ப நின்றிருந்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன்.

"இது இனிமே உங்களுக்கு ஆகாதில்ல சார்?"

அவர் என்னைத் தாண்டி நிகலாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எனக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

புகார் மேனேஜர்வரை வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய் வேலையைப் பார் என்றார்.

தட்டு என்னிடம்தான் இருக்கிறது. நல்ல கனம். நடுவில் பண்ணைக்காரருடைய அப்பாவின் பெயர், ஜாதிப் பட்டத்தோடு, புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. பாத்திரக்காரரிடம் கொடுத்தால் தேய்த்து அழித்துத் தருவார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் ஏன் அழிக்க வேண்டும்? தினமும் அந்தப் பெயருக்கு மேல்தான் களியை வைத்துச் சாப்பிடுகிறேன்.